மாடியில் ஒரு டிரம்

நகராட்சி அலுவலகத்தில் அவருக்குக் 'கழுகு' என்று பெயர். வைத்தவரும் அவர்தான், சொல்லிக்கொண்டு திரிபவரும் அவர்தான். தனியார் கம்பெனியிடம் அரசு வாங்கும் செயற்கைக்கோள் படங்களில் போன வருஷத்ததையும் இந்த வருஷத்ததையும் ஒப்பிட்டு, அனுமதியில்லாமல் முளைத்த கட்டடங்களைச் சிவப்பில் வட்டமிடுவது வேலை. தயவு தாட்சண்யம் வரக்கூடாதென்று திரையில் பெயர், தெரு எதுவும் இருக்காது, வெறும் எண்தான். இருந்தாலும் ஊரே தன் உள்ளங்கையில் என்று மார்தட்டிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் மனைவி ஒரு நோட்டீஸை நீட்டினாள். 'மொட்டைமாடியில் தகரக் கூரை அறை ஒன்று, அருகில் டிரம் ஒன்று. பதினைந்து நாளில் அறையை இடிக்கவும்.' சாட்சாத் அவர் எழுதிய வாசகம்.

"நம்ம மாடியில ரூமா? எப்போ?"

"எட்டு மாசமாச்சு. சொன்னேனே, 'ம்ம்'னீங்க."

"டிரம் ஏது?"

"அது டிரம் இல்லீங்க, நான். காலைல வெயில்ல உக்காந்து படிப்பேன்."

கழுகு மூச்சு வாங்கப் படியேறியது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவர் முழுக்க அவள் கையெழுத்தில் குறிப்புகள். கல்யாணத்தோடு நின்றுபோன பட்டப்படிப்பு. கடைசித் தேர்வு அடுத்த மாதம். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இதை இடிச்சுட்டா எங்க போய்ப் படிப்பேன்? கீழே உங்க டிவி வாயே மூடாது" என்றாள்.

வட்டமிட்டவரே வட்டத்தை அழிக்க முடியாது, அது சட்டம். ஆகவே மறுநாள் தன் அலுவலகத்திலேயே வரிசையில் நின்று, அவகாசம் கேட்கும் படிவம் வாங்கினார். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது: 'இக்கட்டுமானம் உரிமையாளருக்கு எப்போது தெரியவந்தது?'

"போன வாரம் கட்டினதுன்னு அடிச்சு விடுங்க சார்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

அவர் எழுதினார்: 'நோட்டீஸ் வந்த அன்று. உரிமையாளர் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்.'

மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் என்று கழுகு தலைகுனிந்து நின்றது. அவர் சிரிக்கவில்லை. 'இரண்டு மாதம் அவகாசம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"ஏம்மா, நம்ம மாடியில ஏதாவது இருக்கா?"