எதிராளி: மயில்

விருத்தாசலத்துக்குத் தெற்கே இருந்த காப்புக்காட்டில் மொத்தம் பதினேழு மயில்கள். வாட்சர் திருமால் அவற்றை எண்ணாமல் காலை டீ குடித்ததில்லை. ஒன்பதாவது மயில் மீது அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். தோகையை விரிப்பதற்கு முன் யாராவது பார்க்கிறார்களா என்று அது ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடியில், பதினேழும் காட்டோரத்துப் பூவாயியின் கொல்லையில் இறங்கி, விதைத்த வேர்க்கடலையை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, கிளறித் தின்றன.

"நாளைக்கு அரிசியில மருந்து கலந்து வைக்கப்போறேன் தம்பி. அப்புறம் நீங்க எண்ணுற வேலை மிச்சம்" என்றாள் பூவாயி.

சட்டத்தைச் சொன்னால் சிரிப்பாள். அதனால் திருமால் சாமியைச் சொன்னான்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடுங்கக்கா. கேசு சாமிகிட்ட போயிட்டா நாம கை வைக்கக் கூடாது."

குறையைத் தாளில் எழுதி அங்கே கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீரும் என்பது ஊர் நம்பிக்கை. அதற்குள் மல்லாட்டையே விளைந்துவிடும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு திருமால் அன்று இரண்டு டீ குடித்தான். கோயிலுக்குத் துணையாகவும் போனான்.

மனு எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். "எதிராளி பேரு?"

"மயிலுங்க."

பேனா நின்றது. "ஏம்மா, சாமி வாகனத்து மேலயே சாமிகிட்ட கேசு குடுப்பியா? வேற ஆளு சொல்லு."

பூவாயி மெல்லத் திரும்பித் திருமாலைப் பார்த்தாள். அவன் கோபுரத்தைப் பார்த்தான்.

"எழுதுங்க. பேரு திருமால். அப்பா பேரு நடராசன். மயிலை அவுத்து வுட்டது இவருதான்."

"நான் எங்கக்கா அவுத்து வுட்டேன்? அதுங்க காட்டு மயிலு."

"காடு யாரு காவல்ல இருக்குது?"

"பாயின்ட்டு சரியாத்தான் இருக்குது" என்று எழுதிக்கொண்டே போனார் அவர்.

மருந்துப் பேச்சு அன்றோடு நின்றது. திருமாலின் நிம்மதியும் நின்றது. ரேஞ்சர் கேட்டால் பதில் சொல்லிவிடலாம், கொளஞ்சியப்பர் கேட்டால்? மறுநாள் விடியும்போதே கொல்லையில் நின்றான். ஊர் செராமிக் பட்டறைகளில் கழித்துப் போட்ட காதறுந்த கப்புகளைப் பொறுக்கி வந்து, கயிற்றில் கோத்து, வரப்பு நெடுகக் கட்டினான். காற்றடித்தபோது கொல்லை முழுக்கக் கிணுகிணுத்தது. பதினாறு மயில்கள் மிரண்டு காட்டுக்குள் ஓடின. ஒன்பதாவது மட்டும் அந்தத் தாளத்துக்குத் தோகை விரித்து ஆடியது. அதைத் தினமும் அவனே துண்டை வீசி, மனசில்லாமல் விரட்ட வேண்டியிருந்தது.

ஐப்பசியில் மல்லாட்டை வீடு வந்து சேர்ந்தது. காட்டில் பதினேழும் உயிரோடு இருந்தன. திருமால் பூவாயியைத் தேடிப் போனான்.

"அக்கா, கோயில்ல ராஜினாமா எழுதிக் குடுத்து அந்தப் பிராதை வாபஸ் வாங்கிடுங்க. கோயில் பக்கம் போகவே கூச்சமா இருக்குது."

பூவாயி அவித்த மல்லாட்டையை ஒரு கை அள்ளி அவனிடம் நீட்டினாள்.

"வாங்கிடலாம் தம்பி, என்ன அவசரம். தையில எள்ளு வெதைக்கிறேன், அது ஒண்ணு முடியட்டும்."