உம் கொட்டுகிறவர்

கிறிஸ்துநாயகத்தாரைப் போல உம் கொட்ட இனி ஒருவர் பிறந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒருநாள் வானொலிச் செய்திக்கு அவர் உம் கொட்டியதில், உற்சாகம் தாங்காத அறிவிப்பாளர் கால்மணி நேரம் கூடுதலாக வாசித்தார். செய்தி போதாமல் பழைய செய்தியையும் வாசித்தார்.

தொண்ணூற்று நாலில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்தில் தனியே இருந்தபோது, அந்த உம்முக்கு வேலையில்லை. மகன் பக்கத்து ஊரான விட்பியில். ஞாயிறுகளில் மூன்று நிமிடம் போன்.

பிறகுதான் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஸ்லட்கினைக் கண்டார். ஏழாம் மாடி யூதக் கிழவர், ஹீப்ருவில் கவிதை எழுதுகிறவர். இருவரின் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தைத்தால் ஒரு சட்டை வரும், கை இராது.

"அம்மா என்னை வீட்டுமொழி இத்திஷில்தான் ஏசினாள்," என்றார் ஸ்லட்கின். " ஹீப்ரு இருபது வயதில் படித்தது. அதில் 'நான்' என்று எழுதினால் வேதாகமத்துக் கிழவன் எவனோ எழுந்து வருகிறான். என்னைக் காணோம்."

செவ்வாய்தோறும் மெஷின் சுற்றி முடியும்வரை அவர் வாசிப்பார், இவர் உம் கொட்டுவார். உம் விழாத வரியை ஸ்லட்கின் வெட்டிவிடுவார்.

"மொழி தெரிந்தவன் அர்த்தத்தைக் கேட்பான். உமக்குத்தான் வரிக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று கேட்கும்."

இப்படியாக, ஹீப்ருவில் ஓரெழுத்தும் அறியாதவர் ஒரு தொகுப்பை முக்கால்வாசி திருத்தி முடித்தார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய் நீண்ட கவிதை ஒன்று வந்தது. மெஷின் கண்ணாடிக்குள் தன் ஒற்றைச் சட்டையும் இடுப்புச் சாரமும் சுற்றுவதைப் பார்த்திருந்த கிறிஸ்துநாயகத்தார் உம்மை மறந்துபோனார். நிமிர்ந்தபோது ஸ்லட்கின் தாளை மூலைக்கு மூலை பேனாவால் கோடிழுத்து வெட்டி, குப்பைக்கூடைக்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பற்றிய கவிதை. நினைத்ததுதான். ஆள் இல்லை."

"நோ, நோ, மிஸ்டர் ஸ்லட்கின்!" அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. தமிழ்தான் வந்தது.

"பிழை உங்கடை இல்லை ஐயா. நான்தான் இஞ்சை இருக்கேல்லை. உந்த மெஷினுக்குள்ளை என்ரை சேட் தனியச் சுத்துது. என்ரை மனுசி பேர்ணடெற்றின்ரை சீலையோடை சேத்துத்தான் எப்பவும் தோய்க்கிறது."

மடித்த கை நின்றது. "உம்," என்றார் ஸ்லட்கின்.

"அவ கண்ணை மூடி மூண்டு வருசம். இன்னும் ரெண்டு கோப்பைதான் எடுத்து வைக்கிறன்."

"உம்."

"இப்ப பழகிப்போச்சு. எனக்கொரு குறையுமில்லை."

உம் விழவில்லை.

கிறிஸ்துநாயகத்தார் பொறுத்துப் பார்த்தார். மெஷின் சுற்றியது.

"சரி, அதை வெட்டுவம்," என்றுவிட்டுத் தன் கதையை முதலிலிருந்து தொடங்கினார். ஸ்லட்கின் தாளை விரித்து முழங்காலில் நீவிக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார்.