முப்பத்தாறாவது பல்

லிஃப்ட் மெக்கானிக் பகலெல்லாம் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று ஊரையே ஏற்றி இறக்குவார். வீட்டுக் கொட்டகையில் நிற்கும் தன் பழைய காரை மட்டும் இரண்டு வருஷமாக ஓரடி நகர்த்த முடியவில்லை. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். கூடத்தில் மூன்று தையல் மெஷின். கட்டில்மேல் துணி, கட்டிலுக்கடியில் துணி. சோற்றில் நூல் கிடக்காத நாள் இல்லை. அவளுக்குக் கொட்டகை வேண்டும்.

“சனிக்கிழமை நாலு மணி,” என்று கெடு வைத்துவிட்டாள். “அதுக்குள்ள அது உறுமணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துட்டுப் போயிடுவார். பேசிட்டேன்.”

“உறுமிட்டா?”

“மொதல்ல உறுமட்டும்.”

பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது இக்னிஷன் வைப்பதென்று அவர் முடிவு செய்து நாளாயிற்று. அதற்கு கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு பல் சக்கரம் மாட்ட வேண்டும். சுற்றிலும் முப்பத்தாறு பல்லுக்கு இடம் இருக்கும், பல் முப்பத்தைந்துதான். ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சென்சார் ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே வரும். அந்தப் பொக்கை வந்தால்தான் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று புது இக்னிஷன் பெட்டிக்குப் புரியும். பிளக்கில் பொறி விழும்.

சக்கரத்தை பெல்ட் ஓடும் புல்லியோடு சேர்த்து ஆடாமல் உட்கார வைக்க லேத் வேலை தேவைப்பட்டது. மனைவியின் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு போல்ட்டை முடுக்கிக் கொடுத்தால் மூன்று வருஷம் அதைச் சொல்லிக்காட்டுகிற மனிதர். வேறு வழியில்லை. பொக்கை எங்கே வர வேண்டுமோ அங்கே புல்லியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, இரண்டையும் அவரிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தது. சக்கரம் புல்லியோடு ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. பல்லெல்லாம் கறுப்புப் பெயின்ட் வேறு. “கூலியெல்லாம் வேண்டாம் மாப்ள,” என்றார் மச்சான். லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், போய்விட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, குனிந்தும் படுத்தும் சக்கரத்தை மாட்டினார். வெள்ளைக் கோட்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து போல்ட்டை இறுக்கினார். சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்து, ஸ்பேனரால் எஞ்சினைக் கையால் சுற்றி ஒவ்வொரு பல்லாக அளந்தார். வாய்விட்டு எண்ணினார். முப்பத்தாறு பல்லிலும் ஒரே இடைவெளி, மயிரிழை பிசகவில்லை.

‘ஆள் எப்படியோ, மச்சான் கை கைதான்,’ என்று நினைத்துக்கொண்டார்.

ரேடியேட்டரை மாட்டவில்லை, உறுமிய பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். இரண்டரை மணிக்குச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பொறி இல்லை. ஒயரை மாற்றிப் போட்டார். பிளக்கை மாற்றினார். சென்சாரையும் புதிதாக மாற்றினார். இதற்கிடையில் மனைவி கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கொட்டகைத் தரையை அளக்க ஆரம்பித்திருந்தாள்.

“கொஞ்சம் காலை நகர்த்துங்க,” என்றாள்.

மூன்றே காலுக்குத் தான் செய்துகொடுத்த சக்கரம் சுற்றுவதைப் பார்க்க மச்சான் வந்தார்.

“என்ன மாப்ள, இருமுது, எந்திரிக்க மாட்டேங்குது?”

“பொறி வரல மச்சான். ஒண்ணும் புரியல. முப்பத்தாறு பல்லையும் அளந்துட்டேன்.”

“பல்லுக்கு என்ன? நான்ல பார்த்திருக்கேன்.” குரலைத் தணித்தார். “சக்கரம் வித்த கடைக்காரன் உங்க தலையில மிளகாய் அரைச்சுட்டான். தங்கச்சி எதிர்ல சொன்னா உங்க மானம் போயிடும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“என்ன செஞ்சான்?”

“பல்லு போன சக்கரத்தை வித்திருக்கான்! நான்தான் வெல்டிங் வச்சு, ரெண்டு மணி நேரம் ராவி ராவி, மத்த பல்லோட பல்லா சேர்த்தேன். எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்.”

மச்சான் வாழ்நாளில் சொல்லிக்காட்டாமல் செய்த உதவி அது ஒன்றுதான்.

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து, வெள்ளைக் கோட்டுக்கு நேரே இருந்த பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அதைப் பிடுங்கணும்,” என்றார்.

“பிடுங்கணுமா?”

“அது இல்லாமதான் இருக்கணும். அப்படித்தான் செய்வாங்க.”

“பல்லு இல்லாம செஞ்சு, அதைக் காசுக்கு விப்பானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க மாப்ள.”

“கிரைண்டரை எடுங்க மச்சான்.”

“நான் வச்ச பல்லு. நான் வெட்ட மாட்டேன்.”

சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக்கே வெட்டினார். எந்தப் பல் என்று வெள்ளைக் கோடு காட்டிக் கொடுத்தது. சரசரவென்று பொறி பறந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் காரிலிருந்து வந்த முதல் பொறி அதுதான். தரையில் விழுந்த பல்லை மச்சான் குனிந்து எடுத்தார், சுட்டது, விடவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சென்சாரைத் திரும்ப மாட்டி மறுபடி சாவி. இரண்டு சுற்று சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

“என் லேத் வேலை,” என்றார் மச்சான். “சென்டர் எப்படி நிக்குது பாருங்க!”

எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியேட்டரை மாட்டி, தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் இரும்புக்காரர் வந்தார். சாவி திரும்பியது. சத்தத்தைக் கேட்டார், வந்த வழியே போய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“உறுமிடுச்சு.”

“உறுமிடுச்சு. சந்தோஷம். வெளிய எடுங்க.”

“எதுக்கு?”

“ஓடாத வண்டியைத் தெருவுல விட முடியுமான்னு ரெண்டு வருஷமா நீங்கதானே கேட்டீங்க? இப்பதான் ஓடுதே. ஓடுற வண்டியெல்லாம் தெருவுலதான் நிக்குது.”

அவர் தெருவை எட்டிப் பார்த்தார்.

“துணி வெட்டுற மேஜை ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். இதுலயே போய் எடுத்துட்டு வந்துடலாம். அண்ணே, நீயும் ஏறு. தூக்க ஆள் வேணும்.”

திரும்பி வரும்போது கூரைமேல் மேஜை கட்டியிருந்தது. பக்கத்தில் மனைவி ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் மச்சான் கைக்குட்டையில் சுற்றிய பல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். எங்கேயாவது ஒரு தட்டல், ஒரு திணறல், கொட்டகைக்குள் விட்டு மறுபடி கழற்றும்படியாக ஏதாவது ஒன்று.

கார் ஒரு தடவைகூட இருமவில்லை.