காளியின் கடைவாய்ப் பல்

1978இல் மட்டாஞ்சேரியில் டாக்டர் பத்ரோஸின் பல் ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஆண் வாசலில் இருக்கட்டும், பெண் உள்ளே இருக்கட்டும் என்று டாக்டர் சேர்த்த அன்றே வைத்துவிட்டார். அதனால் சுப்புராஜ் முன்னால் அமர்ந்து சீட்டு எழுதினான். வீரலட்சுமி பின்னறையில் மெழுகில் பல் பதித்துப் பல்செட்டு செய்தாள்.

சுப்புராஜுக்கு நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே வேர்த்துவிடும். வீரலட்சுமிக்குப் பேச ஆளில்லாவிட்டால் மூச்சு முட்டும். பல் பதித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களை விசாரிப்பாள். அதற்குள் ஒரு பல் கோணிவிடும். மாதம் இரண்டு செட்டாவது திரும்பி வந்தது.

மழை விட்ட ஒரு காலையில் காளி வந்தான். கொச்சங்காடியில் மிளகு மூட்டை தூக்குகிறவன். கன்னம் வீங்கியிருந்தது. முன்பே இரண்டு தடவை வந்து பயந்து ஓடியவன், அன்றும் பெயரைச் சொன்ன கையோடு எழுந்து படியிறங்கினான்.

"சேட்டா..." என்றான் சுப்புராஜ். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

உள்ளேயிருந்து வீரலட்சுமி மெழுகுக் கையோடு ஓடிவந்தாள்.

"எங்க போறீங்க சேட்டா? சோறு தின்னு எத்தனை நாளாச்சு?"

காளி நின்றான். "மூணு நாளு."

"வீட்ல சொன்னீங்களா?"

"பொண்டாட்டிகிட்ட பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"நானும் சொல்ல மாட்டேன். வாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வேண்டாம்னு தோணுச்சுன்னா என் கையை அமுக்குங்க. டாக்டர் நிறுத்திடுவாரு."

காளி நாற்காலியில் சாய்ந்தான். அவன் மாமியார் வீடு வல்லார்பாடம் தீவில் என்று தெரிந்ததும் அவள் அங்கே போகும் வள்ளத்தைப் பற்றிக் கேட்டாள், மச்சினன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். ஊசி போட்டு நாக்கு தடிக்கும்வரை அவனும் பதில் சொன்னான்.

"எப்ப எடுப்பீங்க?" என்று கடைசியில் குழறினான்.

டாக்டர் கிண்ணத்தைக் காட்டினார். பல் அதில் கிடந்தது. காளி சிரித்த சிரிப்பில் வாயில் வைத்த பஞ்சு மடியில் விழுந்தது.

டாக்டர் கை கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனார். இளக்கி வைத்த மெழுகு இறுகி வீணாகிவிடுமே என்று, பார்த்தே வேலை பழகியிருந்த சுப்புராஜ் அங்கே உட்கார்ந்து, மீன் விற்கும் அழகம்மாளின் செட்டுக்கு ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருந்தான். வரிசை ஒரு மயிரிழை பிசகவில்லை. டாக்டர் பின்னால் நின்றதே அவனுக்குத் தெரியவில்லை.

"நாளை முதல் சுப்புராஜ் இவிடெ, லட்சுமி முன்னால். மதியோ?" என்றார் டாக்டர்.

"மதி சாரே, அது போதும்," என்றான் சுப்புராஜ். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு வருசமா இதைக் கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் டாக்டர் பின்னாலேயே வந்திருந்த வீரலட்சுமி. "கேட்டா இவரை அனுப்பிடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

"நானும் உங்களை நினைச்சுத்தான் கேக்கல," என்றான் சுப்புராஜ். மூவரும் சிரித்தார்கள்.

மறுவாரம் அழகம்மாள் புதுப் பல்லோடு அங்கேயே மடிப் பொட்டலத்திலிருந்து நேந்திரங்காய் உப்பேரி வறுவல் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நொறுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது. "இன்னொண்ணு தின்னுங்க சேச்சி," என்றாள் வீரலட்சுமி. காத்திருந்தவர்களுக்கெல்லாம் அழகம்மாள் பல்லைக் காட்டினாள். கதவிடுக்கில் நின்று பார்த்த சுப்புராஜை அவள் கண்டுகொண்டு, கை நிறைய உப்பேரி அள்ளிக் கொடுத்தாள்.