மூன்றாம் பக்கத்துக் கம்பி

14 ஆகஸ்ட் 2024, புதன்

மூன்றாம் பக்கத்தை நான் திரும்பப் படிக்கவில்லை. மற்ற பதினொரு பக்கங்களையும் அகராதியோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பிழை, படிக்காத பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் ஜப்பானியக் கலை நூல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்துக்குப் போன மாதம் என் புத்தகத் திட்டத்தை அனுப்பினேன். எங்கள் மலை நகரமான தானா ராத்தாவில் இரண்டு வருடமாக மாலை வகுப்பில் ஜப்பானியப் பூவமைப்பு படிக்கிறேன். மற்றவர்கள் பைன் கிளை கொண்டுவருவார்கள். நான் எங்கள் எஸ்டேட்டில் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை எடுத்துப் போவேன். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டுப்பட்டு, பட்ட இடமெல்லாம் முடிச்சு விழுந்து, திசை மாறி வளர்ந்த கிளைகள். அவற்றில் நாற்பது அமைப்புகள், அதுதான் புத்தகம். நான் தமிழில் எழுதியதை வகுப்புத் தோழன் விமலன் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தந்தான்.

இன்று மதியம் பதில் வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கம்பிகளால் பூவமைப்பு என்பது தங்களுக்குப் புதிதாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று படங்கள் வேண்டுமாம். என்ன கம்பி என்று தெரியாமல் மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். கவாத்து என்று நான் எழுதிய இடமெல்லாம் ஆங்கிலத்தில் கம்பி.

வகுப்பில் விமலனிடம் காட்டினேன். அவன் கியா பார்ம் பையன், காய்கறித் தோட்டத்துக்காரன்.

"கவாட்டுன்னு நெனச்சிட்டேன் லா. மலாய்ல கம்பிதானே அது? எங்க தக்காளிய கவாட்டுலதான் கட்டுவோம்."

"தேயிலைக்கி எதுக்குடா கம்பி?"

"நான் என்னத்தக் கண்டேன்? எஸ்டேட்டுக்காரங்க என்னென்னமோ செய்வீங்க." பதிப்பகத்தின் பதிலை இன்னொரு முறை படித்துவிட்டுச் சொன்னான். "ஆனா அவங்களுக்குக் கம்பிதானே புடிச்சிருக்கு. அப்பிடியே விட்டுரு. கம்பி நான் தாரேன், ஒரு சுருள் கெடக்கு."

பஸ்ஸில் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் வேண்டாம் என்று எழுதிவிடலாம். கிளை வைப்பதில் என்ன புதுமை, ஜப்பானில் எல்லோரும் வைப்பதுதானே என்று கேட்கலாம். ஆனால் கம்பியைப் பற்றி எனக்கு ஒரு பக்கம்கூட எழுதத் தெரியாது.

அப்பா பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் கவாத்து வெட்டும் ஆட்களோடுதான் அவருக்கு வேலை.

"கவாத்துன்னா என்னான்னு ஒரு வரியில சொல்லுங்கப்பா. வெளியாளுக்குப் புரியணும்."

"வெட்டுறதுதான். வேற என்னா?"

"வெட்டுனா செடி செத்துரும்னு நெனப்பாங்க."

"வெட்டாம விட்டாதான் மரமாப் போயிரும், கைக்கு எட்டாது." விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அப்ப பொஸ்தகத்துல என் பேரப் போடு. கம்பி வேலப்பன்னு."

ஏழு மணிக்குப் பதிப்பகத்துக்கு எழுதினேன். அது கம்பி இல்லை, பிழை என்னுடையது, தேயிலைச் செடி கை எட்டும் உயரத்தில் இருக்க வெட்டப்படும் கிளைகள், படங்கள் வெள்ளிக்கிழமை வரும். ஐந்து வரிதான். பதில் இன்னும் வரவில்லை.

எஸ்டேட்டில் பதினாலாம் நம்பர் மலையில் வெட்டிப் போட்ட கிளைகளை நாளை எட்டு மணிக்கு மிசின் வந்து அரைத்துவிடுமாம்.

நாளை: ஆறரைக்கு அப்பாவோடு அங்கே போய், பனி ஈரம் காய்வதற்குள் மூன்று கிளைகள் எடுக்க வேண்டும். ஒன்றிலாவது பழைய வெட்டுக்குப் பக்கத்தில் தளிர் இருக்க வேண்டும்.