சூடு பார்க்கும் கை

லிங்கராஜுக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி ஒன்றுதான் உண்டு. மற்ற நேரமெல்லாம் கடலைமிட்டாய் கம்பெனியில் பார்சல் ஏற்றிவிட்டுக் காத்துக்கிடக்கிற நேரம்.

கோயம்புத்தூரில் தாயோடு இருக்கும் மகள் தர்ஷிகாவிடம் அந்த மணிக்குக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம், நேரில் போய்ப் பார்ப்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்று குடும்பநல கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். கட்டியவள் அமுதவள்ளியோடு அவனுக்கு ஒத்துவரவில்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குக் கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு கருத்து உண்டு. ஆனால் பெற்ற பிள்ளைமேல் அவன் உயிரையே வைத்திருந்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வந்தது அந்தப் பிள்ளைக்குத்தான்.

தர்ஷிகா எடுத்ததும் பேசிவிடுகிறவள் இல்லை. சாப்பிட்டாயா என்றால் ம். பள்ளிக்கூடம் எப்படி என்றால் ம். அப்படியே கொஞ்ச நேரம் போகும். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, மனசில் இருப்பதைக் கேட்பாள்.

"அப்பா, நீங்க எப்ப என்னைப் பாக்க வருவீங்க?"

அவன் வாயைத் திறப்பான். திரையில் ஒரு வட்டம் சுழல ஆரம்பிக்கும். அவ்வளவுதான், நெட் போய்விட்டது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? எப்ப வருவீங்க என்று கேட்டதும் அப்பா காணாமல் போகிறார். ஒரு தடவை என்றால் மறந்துவிடுவாள். வாராவாரம் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போனால் பத்து வயசுப் பிள்ளை வேறு என்னதான் நினைக்கும்?

செல்போனிலும் பேசிப் பார்த்தான். பக்கத்து நூல்மில் சுவர் மறைக்கிறதோ என்னவோ, அந்தத் தெருவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அவன் முகம் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றதைப் பார்த்துப் பிள்ளை பயந்துபோனாள். வேறு இடத்துக்குப் போய்ப் பேசவும் வழி இல்லை. வீட்டிலிருந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக மாடி அறைக் கம்ப்யூட்டர்தான் கதி.

அதில் அவன் பிரித்து மேயாத இடம் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். வைஃபையை நம்ப முடியாது என்று கீழே இருந்து மாடிப்படி வழியாக வயர் இழுத்தான். அந்த வயரையும் ஒரு தடவை மாற்றினான். மின்சாரம் போகிறதோ என்றால், நெட் போகிற நேரத்தில் தலைக்கு மேல் ஃபேன் ஜாம்ஜாம் என்று சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, வயரைப் பிடுங்கிச் சொருகி, கடைசியில் கீழே ஓடி வந்து பார்த்தால் வாசல் பக்கச் சுவரில் இருக்கும் நெட் பெட்டி அப்போதுதான் ஒவ்வொரு விளக்காகக் கண் திறந்துகொண்டிருக்கும். தானாகவே அணைந்து தானாகவே எழுகிற பெட்டி என்று நினைத்துக்கொள்வான். அப்பா பூவனநாதன் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"அப்பா, கம்ப்யூட்டரை யாரும் தொட்டியளா?"

"நான் மாடிக்கே ஏறலையேடா. இந்த முட்டியை வச்சுக்கிட்டு எங்க ஏற?"

அவர் சொன்னது நிஜம். அவன் கேட்டதில்தான் கோளாறு.

லைன் பார்க்கும் இசக்கிபாண்டி சாயங்காலம்தான் வருவான். சாயங்காலம் நெட் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் குறை சொல்ல நாக்கு கூசும். கம்பத்தில் ஏறி ஒட்டு மாற்றினான். ஓடு மேல் கிடந்த கேபிளை எலி கடித்திருக்கலாம் என்று புதிதாக இழுத்துவிட்டான். பெட்டியையும் மாற்றினான்.

"அண்ணாச்சி, லைன்ல ஒரு குத்தமும் இல்ல. எனக்கே மண்டை காயுது."

ஒவ்வொரு வாரமும் லிங்கராஜ் மகளிடம் புதிதாக ஒரு காரணம் சொன்னான். வயர் பழசும்மா. மழைம்மா. எலி கடிச்சிட்டும்மா. பெட்டி ரிப்பேரும்மா. சொல்லும்போது ஒவ்வொன்றையும் அவன் மனசார நம்பித்தான் சொன்னான். அடுத்த வாரம் அது பொய்யாகிவிடும். இப்படி வாரம் ஒரு பொய்யனாக அவன் பிள்ளை முன்னால் போய் உட்கார்ந்தான்.

பிறகு அமுதவள்ளி தரப்பில் மனுப் போட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை அழுதுகொண்டு சாப்பிடாமல் படுக்கிறாள், இந்தப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று. லிங்கராஜின் வக்கீல் முகத்தைச் சுளித்தார். "இந்த வாரமாவது ஒழுங்காப் பேசிருங்க. பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அது வேண்டாம்னு சொல்லிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றைக்கே இசக்கிபாண்டியைப் பிடித்து இழுத்து வந்தான். அவன் பெட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சம் இருப்பது அடாப்டர் ஒன்றுதான் என்று சொல்லி, பழசைக் கழற்றிவிட்டு எருமைக்கன்று மாதிரி ஒரு புது அடாப்டரைச் சொருகினான்.

"இது கொஞ்சம் சூடாகும். அது அப்படித்தான், பயப்படாதிய."

அப்பா அப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. தர்ஷிகா அன்று நாற்காலியை முதலிலேயே முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள்.

"அப்பா, இன்னிக்குக் கட் பண்ணிடாதீங்க."

"மாட்டேம்மா. அப்பா எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"எங்கிட்ட கோர்ட்டுல கேப்பாங்களாம். நான் என்ன சொல்லட்டும்? நீங்க நெஜமாவே என்னை..."

வட்டம் சுழன்றது.

இந்தத் தடவை அவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி சாய, மாடிப்படியில் பாதியைத் தாண்டிக் குதித்து இறங்கினான். சுவர் அருகில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வலது புறங்கை அடாப்டர் மேல் இருந்தது. இடது கை சுவிட்சில் இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"என்ன செய்யுதிய?"

"ஏலே, தொட்டுப் பாரு. கொதிக்குது. போன வாரமெல்லாம் இவ்வளவு இல்ல. கொஞ்சம் ஆறட்டும்னு அணைச்சேன். எப்பவும் எரியணும்னு நீ சொல்லியிருக்கேல்லா, அதான் உடனே போட்டிருவேன்."

பூவனநாதன் தீப்பெட்டி ஆபீஸில் காலமெல்லாம் போர்மேனாக இருந்தவர். வெயில் ஏறும் நேரத்தில் ஒரு சுற்று வந்து, மோட்டார், சுவிட்ச், தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற மெஷின் எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது. சுட்டால் அணை, ஆறினால் போடு. அப்படி ஒரு நாள் அவர் லீவு போட்டிருந்தபோது சூடு பார்க்க ஆள் இல்லாமல் அவருடைய கூடப்பிறந்த தம்பி முத்துமணி மருந்து அறையோடு எரிந்துபோனான். ஆபீஸை விட்டு வந்த பிறகும் அந்தப் பதினொரு மணிச் சுற்றை அவர் விடவில்லை. ஃபிரிட்ஜ், டிவி, மீட்டர் பெட்டி, கடைசியாக இது. மகன் கம்பெனியில் இருக்கும் நாளெல்லாம் நடந்ததுதான். ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. மாடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கீழே இருக்கும் இந்தப் பெட்டிக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் லிங்கராஜ்தான்.

அந்த நிமிஷம் பெற்ற தகப்பன் கழுத்தை நெரித்துவிடலாம் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. கை கூட எழுந்துவிட்டது. எழுந்த கையால் சுவிட்சைப் போட்டான்.

"இதுலதாம்ப்பா பிள்ள பேசுதா. இதை அணைச்சா அவ போயிருவா."

அப்பா புறங்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பெட்டி கண் திறந்து முடிக்கும்வரை மாடியில் நின்றுகொண்டே இருந்தான். நல்லவேளை, தர்ஷிகா போகாமல் இருந்தாள். ஆனால் நாற்காலி பின்னால் தள்ளிப் போயிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேம்மா. தாத்தாதான். தீப்பிடிச்சிரும்னு பயந்து தாத்தா சுவிட்சை அணைச்சிட்டு இருந்திருக்காவ. இத்தனை நாளும் அதுதாம்மா."

அவன் குரலில் சந்தோஷமே இருந்தது. கடைசியில் கையில் ஓர் உண்மை கிடைத்த சந்தோஷம்.

பிள்ளை அவனைப் பார்த்தாள். அழவில்லை.

"முன்னாடி எலின்னு சொன்னீங்க."

"அது... அப்ப அப்படித்தாம்மா நெனச்சோம்."

"இப்ப தாத்தான்னு சொல்றீங்க. தாத்தா பாவம்ப்பா."

இந்தத் தடவை அவளே அணைத்தாள்.

கோர்ட்டில் பிள்ளை அப்பாவோடு பேச விருப்பமில்லை என்று சொன்னாள். அடுத்த உத்தரவு வரும்வரை பேச்சு நிறுத்தப்பட்டது. வக்கீல் போனில் சொன்னதை லிங்கராஜ் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்?

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு வழக்கம்போல மாடி ஏறினான். கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தான். நெட் ஒரு தடவைகூட அறுபடவில்லை. கீழே எட்டிப் பார்த்தான். அப்பா பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, பனையோலை விசிறியால் அடாப்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. சூடு பார்க்கும் வலது கையை மடியில் இறுக்கி வைத்திருந்தார்.

"ஏலே லிங்கம், பிள்ள பேசுதாளா? கட் ஆகலைல்லா?"

"பேசுதாப்பா."

"நல்லா பேசுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவன் திரும்பி வந்து காலித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். கீழே விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குக் கை வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. பேசும் நேரம் முடிகிறவரை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான், கீழே கேட்கிற மாதிரி.