லைனில் மட்டும் மனைவி

மாத்திரை சுவரில் பட்டுத் தெறித்து சோபாவுக்கு அடியில் உருண்டது.

"எம் பொண்டாட்டி மூஞ்சிய ஒட்டிக்கிட்டு வந்து நின்னா நம்பிடுவேனா? அவளை எங்க வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசுங்க. புள்ளைங்க பயந்துக்கும்," என்று அவள் காலி சோபாவைக் காட்டினாள்.

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிபவர்கள். மறுத்துப் பேசாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூவும் நிழலும்தான் அவர் கண்ணுக்கு ஆளாகத் தெரிகின்றன என்று அவள் பூப்போட்ட திரையைக் கழற்றியிருந்தாள், மங்கல் விளக்கை மாற்றியிருந்தாள், நிலைக்கண்ணாடியைப் போர்த்தியிருந்தாள். பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் சோறு கேட்பதில்லை, சண்டை போடுவதில்லை. பெற்ற பிள்ளையைவிடத் தேவலை. தன் முகத்தை எங்கே கழற்றி வைப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

போன தடவை கத்துகிறார் என்று ஆஸ்பத்திரி வார்டில் ஏதோ ஊசி போட்டார்கள். பலகை மாதிரி விறைத்துக் கிடந்தார். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்வது இந்த மாத்திரை ஒன்றுதான். அதையும் துப்பிக்கொண்டே இருக்கிறார்.

"இன்னிக்கும் முழுங்கலைன்னா வார்டுல சேத்துடலாம்மா. நீயாவது மிஞ்சணும்ல?" என்று மகள் காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

மனைவியிடம் ஒரு வழி இருந்தது. அவர் டெலிபோன் லைன்மேனாக இருந்தவர். ஆளை நம்பமாட்டார், லைனை நம்புவார். அவள் சமையலறையில் நின்று செல்போனில் வீட்டு போனைக் கூப்பிட்டால், கூடத்தில் எடுத்து, "எங்க போய்த் தொலைஞ்சே?" என்று உருகிப்போவார். சொன்னதெல்லாம் கேட்பார். ஆனால் நேற்று பேச்சின் நடுவே அவர் காதைத் தீட்டினார்.

"குரல் ரெண்டாக் கேக்குது. லைன்ல எவளோ ஒட்டுக்கேக்குறா. வை!"

சுவர் வழியாக ஒன்று, ரிசீவரில் ஒன்று. வேறு எந்த மனுஷனுக்கும் அது உறைத்திருக்காது.

இனி வெளியே போய்த்தான் கூப்பிட வேண்டும். புது மாத்திரையையும் தண்ணீரையும் போன் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, மாடிப்படியில் ஒரு தளம் இறங்கி எண்ணை அழுத்தினாள்.

"நான்தாங்க."

"எங்கடி இருக்கே?" அவர் குரல் உடைந்தது. "இங்க ஒருத்தி உன்னை மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு திரியிறா."

"அவ கிடக்குறா. போன் பக்கத்துல மாத்திரை இருக்கு பாருங்க. நான் வச்சது. போடுங்க."

தண்ணீர் மடக் மடக்கென்று இறங்குவது கேட்டது.

"போட்டாச்சு. ஒண்ணு சொல்லவா? அவ இப்பதான் வெளிய போனா. தாழ்ப்பாள் போட்டுட்டேன். இனி உள்ள வரமுடியாது." கெட்டிக்காரத்தனமாகச் சிரித்தார்.

அவள் படியேறி ஓடினாள். கதவு அசையவில்லை. உள்ளே அடுப்பில் அவள் வைத்த பால் காய்ந்துகொண்டிருந்தது.

"திறங்க. நான் வந்துட்டேன்," என்று குரல் ரெண்டாகிவிடாமல் போனோடு வாயை ஒட்டிக் கிசுகிசுத்தாள்.

"இரு, பாக்குறேன்." கதவின் லென்ஸ் ஓட்டை இருண்டது. அடுத்த நொடி போனுக்கு ஓடிப்போய் ரிசீவரில் கிசுகிசுத்தார்: "வராதே! அவதான் நிக்குறா! போன் பிடிச்சுக்கிட்டு உன்னை மாதிரியே வாயசைக்கிறா. நீ ஓடிப்போயிடு. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

காப்பாற்றுகிறாராம். அவளுக்குத் தலையைக் கதவில் மோதவேண்டும் போலிருந்தது. கதவிடுக்கில் தீய்ந்த வாடை வந்தது.

"நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

"நீ சொன்னா கேப்பேன்."

"கண்ணை மூடுங்க. மூடிக்கிட்டே வந்து கதவைத் திறங்க. நான் சொல்றவரைக்கும் முழிக்கக்கூடாது."

தடவித் தடவி வரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. இமைகளை இறுக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நின்றார். அவள் பாய்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையைத் தடவினார், அதிலிருந்த பழைய தழும்பைத் தொட்டார், கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா," என்றார். "இவ்ளோ நாளா எங்க போயிருந்தே?"

"இங்கதான்."

கீழே கார் நின்று கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள். படியில் செருப்பொலி ஏறத் தொடங்கியது.

"அந்த வேஷக்காரி போயிட்டாளா?"

"போயிட்டா."

"அப்புறம் நான் ஏன்டி இன்னும் கண்ணை மூடிக்கிட்டிருக்கணும்?"

அவள் தன் உள்ளங்கையை அவர் கண்கள்மேல் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.